மருந்துச் சீட்டும் ஷில்லிங்கும்

வில்லியம் ரோஸ் என்ற லண்டன் மருந்து வியாபாரி, ஜான் சீல் என்ற கசாப்புக் கடைக்காரருக்குத் தொடர்ந்து மருந்து கொடுத்து வந்து, முடிவில் ஏறத்தாழ 50 பவுனுக்குக் கணக்கு எழுதி நீட்டினார். உடம்பும் தேறாமல், பணமும் இவ்வளவு கேட்கப்படுவதைக் கண்டு திகைத்த சீல், பட்டம் பெற்ற வைத்தியர்களான பிசிஷியன்களின் கல்லூரியில் போய் முறையிட்டார். வைத்தியம் பார்க்கும் அதிகாரம் எங்களுக்கே உரியது, ‘அபாத்திகரி’ என்று பெயர் பெற்ற மருந்து வியாபாரிகள் நாங்கள் எழுதிக் கொடுத்ததைக் கலந்து கொடுப்பதோடு நிற்க வேண்டும் என்று அந்தக் கல்லூரி வழக்காடியது. கீழ்க் கோர்ட்டு கல்லூரியின் பக்கம் பேசிற்று. ஆனால் 1704ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டு, பிசிஷியனுக்குப் பணம் கொடுக்கச் சக்தியற்ற ஏழை ஜனங்களுக்கு அபாத்திகரியை விட்டால் வேறு கதியில்லை என்ற நியாயத்தை ஒப்புக்கொண்டு, ரோஸின் பக்கமே தீர்ப்பளித்தது. அது முதல் அபாத்திகரி நோயாளியின் நாடியைப் பார்க்கலாம், நோய் இன்னது என்று சொல்லலாம், மருந்தும் கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை இருந்தது: சொன்ன யோசனைக்கு அவர் கூலி கேட்கக் கூடாது, கொடுத்த மருந்துக்கு மட்டுமே விலை கேட்கலாம்.

இந்த நிபந்தனையை வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டுகிறேன். இங்கிலாந்தில் சாமானிய ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்து வந்த டாக்டர்கள் அபாத்திகரிகளின் பரம்பரையில் வந்தவர்கள். யோசனைக்கும் கட்டணம் கேட்கலாம் என்ற உரிமையைக் கோர்ட்டுகள் அவர்களுக்குத் தெளிவாக வழங்கியது 1830ஐ ஒட்டிய காலத்தில்தான். இடைப்பட்ட நூற்றிருபத்தைந்து ஆண்டுகளும், உனக்கு மருந்தே வேண்டாம், நான்கு நாள் படுத்திருந்து கஞ்சி குடித்தால் போதும் என்று உண்மையைச் சொன்ன வைத்தியருக்கு அன்றைய வருமானம் கிடையாது. உபயோகமற்ற கஷாயத்தை ஒரு குப்பியில் ஊற்றிக் கொடுத்தவருக்கோ வருமானம் உண்டு. நோயாளி எதற்காக வந்தாலும் கையில் குப்பியோடுதான் திரும்ப வேண்டும் என்ற சம்பிரதாயம் வைத்தியர்களின் பேராசையால் மட்டும் வந்ததென்று நான் நினைக்கவில்லை. யோசனையை இலவசமாக்கி மருந்தை மட்டும் விலைப் பொருளாக்கிய சட்டமே அந்தச் சம்பிரதாயத்தை விதைத்தது. நோயாளிகளும் தலைமுறை தலைமுறையாக அதற்குப் பழகி, குப்பி தராத டாக்டர் டாக்டரே அல்லர் என்று நம்பத் தலைப்பட்டார்கள்.

அந்த நாட்டில் குடும்ப டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் இடத்திற்கு ‘சர்ஜரி’ என்று பெயர். கத்தி எடுக்கும் வேலை அங்கே அபூர்வம். பெயர் பழைய காலத்து எச்சம். முன்பெல்லாம் பெரும்பாலும் டாக்டரின் சொந்த வீட்டு முன்னறையே சர்ஜரியாக இருந்தது. பக்கத்து அறையில் பலகைத் தட்டுகளில் பெரிய ஜாடிகள் வரிசையாக நின்றன. இருமலுக்கு ஒன்று, வயிற்று வலிக்கு ஒன்று, பலக்குறைவுக்கு ஒன்று என்று முன்கூட்டியே கலந்து வைத்த மிக்ஸ்சரிலிருந்து குப்பியில் ஊற்றி, வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, அரக்கு முத்திரையிட்டுக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. கசப்பு எவ்வளவு மிகுதியோ, அவ்வளவு நம்பிக்கை. நம் நாட்டு டிஸ்பென்சரிகளில் கம்பவுண்டர் மடித்து வெட்டிய காகிதத்தைக் குப்பியின் மேல் ஒட்டி வேளைக் கணக்கைக் குறித்துக் கொடுத்ததைக் கண்டவர்களுக்கு இந்தச் சித்திரம் புதிதாக இராது. அந்த முறை நமக்கு வந்ததே அந்தப் பக்கத்திலிருந்துதான்.

மருந்தை விற்றுப் பிழைத்த டாக்டரிடம் குப்பி பெருகியது என்றால், அதற்கு நேர்மாறான ஒரு ஏற்பாட்டில் குப்பி மெலிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிலாளிகள் வாராவாரம் சில பென்ஸ் சேர்த்துச் சகாய சங்கங்களை அமைத்துக்கொண்டு, சங்கத்தின் சார்பில் ஒரு டாக்டரை நியமித்துக்கொண்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று வருஷத்திற்கு ஒரு தொகை டாக்டருக்குக் கொடுக்கப்படும். பல சங்கங்களில் மருந்துச் செலவும் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். ஊற்றிய ஒவ்வொரு அவுன்ஸும் டாக்டரின் சொந்தப் பணப்பையிலிருந்து ஊற்றியதாகவே ஆனதால், தண்ணீர் அதிகமும் சரக்கு குறைவுமான மிக்ஸ்சர்கள் அங்கே பிரசித்தமாயின. எல்லாச் சங்கங்களும் அப்படி இருந்தன என்று சொல்வது அநியாயமாகும். தென் வேல்ஸில் நிலக்கரிச் சுரங்க ஊரான டிரெடெகரில் தொழிலாளிகள் தங்கள் கூலியில் ஒரு சிறு பகுதியை விட்டுக்கொடுத்து நடத்திய வைத்திய சகாய சங்கம், டாக்டர்களையும் மருந்தையும் ஆஸ்பத்திரியையும் ஊர் முழுவதற்கும் கிடைக்கச் செய்தது. நாவலாசிரியர் ஏ. ஜே. குரோனின் அங்கே டாக்டராக வேலை பார்த்தவர். 1937இல் வெளிவந்த அவருடைய ‘தி சிட்டடெல்’ நாவலுக்கு அந்த அனுபவமே வித்து. 1897இல் அந்த ஊரில் பிறந்து, சிறு பிராயத்திலேயே சுரங்கத்துக்குள் இறங்கி, பின்னாளில் அந்தச் சங்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் வகுத்தவரைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

அதற்கு முன் நிதி மந்திரி லாயிட் ஜார்ஜ் வந்தார். அவர் 1911இல் நிறைவேற்றிய தேசிய இன்ஷூரன்ஸ் சட்டப்படி ஆண் தொழிலாளி வாரத்திற்கு 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், சர்க்கார் 2 பென்ஸ் என்று போட்டு, 1913 ஜனவரி முதல் தொழிலாளிக்கு டாக்டரும் மருந்தும் கிடைக்க வழி பிறந்தது. இரு நூற்றாண்டுகளாக ஒட்டியிருந்த இரண்டு காரியங்களை அந்தச் சட்டம் பிரித்தது. சீட்டு எழுதுவது டாக்டரின் வேலை, மருந்து கொடுப்பது மருந்துக்கடைக்காரரின் வேலை என்று ஆயிற்று. கடைக்கு வெகு தூரத்தில், ஒரு மைலுக்கு அப்பால் வசிக்கும் கிராமவாசிகளுக்கு மட்டும் டாக்டரே மருந்து கொடுக்கலாம் என்று விலக்களிக்கப்பட்டது. அந்த ஒரு மைல், 1.6 கிலோமீட்டர் என்று பெயர் மாறி, இன்றும் இங்கிலாந்தின் விதிகளில் உயிரோடு இருக்கிறது.

ஆயினும் பணம் வேறு வாசல் வழியாக உள்ளே நுழைந்துவிட்டது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் மருந்துக்கென்று வருஷத்திற்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் ஒதுக்கி, அதன் மேல் இன்னொரு 6 பென்ஸைத் தனியாக வைத்தார்கள். மருந்துச் செலவு மிஞ்சினால் அந்த 6 பென்ஸ் அதற்குப் போகும். மிஞ்சாவிட்டால் டாக்டர்களுக்குச் சேரும். மிதக்கும் ஆறு பென்ஸ் என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. டாக்டரின் பேனா கொஞ்சம் தயங்கட்டும் என்று மேஜையின் மேல் வைக்கப்பட்ட நாணயம் அது. அதை விடப் பெரிய குறை, சட்டத்தின் நிழல் தொழிலாளியின் மேல் விழுந்ததே தவிர, அவன் மனைவி மக்களின் மேல் விழவில்லை என்பது. கூலி வாங்காத பெண் தன் பிரசவ காலத்து உபாதைகளையும், ரத்தக் குறைவையும், கால் நரம்புப் புண்களையும் வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டாள். குழந்தைக்கு டாக்டரை அழைப்பதா, மளிகைக் கடனைத் தீர்ப்பதா என்பது வீட்டுக்கு வீடு இருந்த கேள்வி.

1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதார சேவை பிறந்தபோது, இத்தனை காலம் பொறுத்திருந்த ஜனங்கள் ஒருமிக்கச் சர்ஜரிகளின் வாசலில் வந்து நின்றார்கள். நான் முன்னே குறிப்பிட்ட டிரெடெகர்க்காரரான அனாய்ரின் பெவன்தான் அப்போது சுகாதார மந்திரி. சீட்டை எடுத்துக்கொண்டு போனால் எந்த மருந்துக்கடையிலும் காசில்லாமல் மருந்து கிடைக்கும் என்ற நிலை வந்ததும், சில மாதங்களுக்குள் சீட்டுகளின் தொகை முன்னிருந்ததைப் போல் ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. பத்திரிகைகள் இதைத் துர்விநியோகம் என்று எழுதின. இலவசம் என்றால் ஜனங்கள் மருந்தைக் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று பார்லிமெண்டில் பலர் பேசினார்கள். குடல் இறக்கத்துக்குத் துணிக்கட்டுக் கட்டிக்கொண்டு பத்து ஆண்டு வேலை செய்தவனும், கண் மங்கியதும் பலசரக்குக் கடையில் ஏதோ ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்ட கிழவியும் அந்தக் கூட்டத்தில் இருந்ததை அவர்கள் பார்க்கவில்லை. அது துர்விநியோகம் அல்ல. நீண்ட காலம் தீர்க்கப்படாமல் கிடந்த பாக்கி.

செலவைக் கண்டு கலங்கிய அட்லியின் லேபர் மந்திரிசபை, ஒரு சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வசூலிக்கும் அதிகாரத்தை 1949இலேயே சட்டமாக்கிக்கொண்டது. பெவன் அதை மனமில்லாமல் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபின் அது நடைமுறைக்கு வராமலும் பார்த்துக்கொண்டார். கொரியா யுத்தத்திற்காக ஆயுதச் செலவு பெருகியபோது, 1951 ஏப்ரலில் நிதி மந்திரி கெயிட்ஸ்கெல் பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார். அந்தக் கொள்கையைத் தாம் ஏற்க முடியாதென்று பெவன் ராஜிநாமாச் செய்தார். அவரோடு ராஜிநாமாச் செய்தவர்களில் ஹாரல்ட் வில்சன் என்ற இளைஞரும் ஒருவர். தேர்தலில் ஆட்சி மாறிற்று. கன்சர்வேட்டிவ் சர்க்கார், லேபர் கட்சி இயற்றி வைத்திருந்த சட்டத்தையே எடுத்து, 1952 ஜூன் 1ஆம் தேதி முதல் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வாங்கத் தொடங்கிற்று. சர்க்கார் உதவிப் பணத்தில் காலம் தள்ளுகிறவர்கள்கூட முதலில் ஷில்லிங்கைக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் திரும்பப் பெறவேண்டும்.

ஒரு சீட்டில் எத்தனை மருந்து எழுதினாலும் கட்டணம் ஒன்றுதான் என்பதைக் கண்ட சர்க்கார், 1956 டிசம்பர் முதல் மருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷில்லிங் என்று மாற்றிற்று. அதனால் நடந்தது என்ன என்பதை நிதி இலாகாக்கள் எல்லாம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எழுதப்பட்ட மருந்துகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால், ஏழை நோயாளி அடிக்கடி ஷில்லிங் கொடுக்க நேராமல் இருக்கட்டும் என்று இரக்கப்பட்ட டாக்டர்கள், ஒரு வாரத்துக்கு எழுதியதை ஒரு மாதத்துக்கு எழுதினார்கள். சீட்டு குறைந்தது, மாத்திரை குறையவில்லை. தேவைக்கு மேல் வாங்கிய மாத்திரைகள் அலமாரிகளில் தங்கின.

இந்த விஷயத்தின் நடுமுடிச்சு இங்கேதான் இருக்கிறது. சீட்டை எழுதுபவர் ஒருவர், மருந்தை விழுங்குபவர் இன்னொருவர், விலையைக் கொடுப்பவர் மூன்றாமவர். எழுதுபவருக்கு அன்று விலை தெரியாது. விழுங்குபவருக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் ஞானம் இல்லை. கொடுப்பவரான சர்க்காருக்கோ நோயாளியின் முகம் தெரியாது. இந்த மூவரில் மிகவும் பலவீனமானவர் விழுங்குபவர். அவரிடமிருந்து ஷில்லிங் வாங்கினால் செலவு அடங்கும் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு தேசம் நம்பி வந்தது.

செலவு பெருகியதற்குக் காரணம் ஜனங்களின் மருந்துப் பசி அல்ல, மருந்தே வேறாகிவிட்டது என்பதே. 1938இல் டாஜென்ஹாமின் மே அண்டு பேக்கர் கம்பெனியார் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘எம் அண்டு பி 693’ என்ற மாத்திரை, நிமோனியாவில் சாகவிருந்தவர்களைப் பிழைக்க வைத்தது. 1943 டிசம்பரில் சர்ச்சிலும் அதனால் பிழைத்தார். பெனிசிலின் வந்தது, டெட்ராசைக்ளின் வந்தது. ஜாடியிலிருந்து ஊற்றிய மிக்ஸ்சருக்குச் சரக்கு விலை காசு கணக்கு; புதிய மருந்துகளுக்கோ காப்புரிமை என்ற வேலி இருந்தது, வேலிக்குள் இருந்தவர் சொன்னதே விலை. டாக்டர்கள் தாராளமாக எழுதுவதுதான் குற்றமா என்று விசாரித்த ஹின்ச்லிஃப் கமிட்டி, 1959இல் வெளியிட்ட அறிக்கையில், பரவலான ஊதாரித்தனத்துக்கு ஆதாரம் இல்லை என்றது.

வேலியை முதலில் அசைத்துப் பார்த்தவர் ஈனாக் பவல். அவருடைய பிற்கால அரசியல் பேச்சுகளை நான் ஒருபோதும் ஏற்க முடியாதவனாயினும், சுகாதார மந்திரியாக அவர் செய்த இந்தக் காரியத்தைப் பதிவு செய்வது நியாயம். டெட்ராசைக்ளினுக்கு ஃபைசர் கம்பெனி கேட்ட விலை அதிகம் என்று கண்டு, மருந்துக்குக் காப்புரிமையே வழங்காதிருந்த இத்தாலியிலிருந்து அதே மருந்தைக் குறைந்த விலைக்குத் தருவித்து 1961இல் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்தார். சர்க்காரின் காரியத்துக்குக் காப்புரிமையை மீறலாம் என்று பழைய சட்டத்தில் இருந்த ஒரு பிரிவே அவருக்கு ஆதாரம். ஃபைசர் வழக்காடிப் பிரபுக்கள் சபை வரை சென்றது. 1965இல் சபை சர்க்காரின் பக்கம் தீர்ப்பளித்தது. ரோஸின் வழக்கைத் தீர்த்த அதே சபை! மருந்தின் செய்பொருளுக்குக் காப்புரிமை இல்லை என்று இந்தியா 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் துணிந்ததும், அதன் பயனாக வளர்ந்த நம் தொழிற்சாலைகளின் மாத்திரைகள் இன்று பிரிட்டிஷ் மருந்துக்கடைகளில் கணிசமாக இருப்பதும் இந்தக் கதையின் கிளைகளே. 1973இல் ஏகபோகக் கமிஷன் ரோஷ் கம்பெனியின் கணக்கைப் பிரித்துப் பார்த்து, மன அமைதி மாத்திரையான லிப்ரியத்தின் விலையை 1970இல் இருந்ததில் நூற்றுக்கு 40 ஆகவும், வேலியத்தின் விலையை நூற்றுக்கு 25 ஆகவும் குறைக்க வேண்டும் என்றது. நான்கில் மூன்று பங்கு தள்ளியும் விற்கக்கூடிய ஒரு மருந்துக்காக, இல்லத்தரசிகளிடமிருந்து ஷில்லிங் ஷில்லிங்காக வாங்கிச் சிக்கனம் பேசிக்கொண்டிருந்தார்கள்!

பெவனோடு ராஜிநாமாச் செய்த வில்சன் பிரதம மந்திரியானார்; 1965 பிப்ரவரி 1ஆம் தேதி சீட்டுக் கட்டணத்தை ரத்துச் செய்தார். 1967 நவம்பரில் பவுனின் மதிப்பைக் குறைக்க நேர்ந்து, கடன் கொடுத்தவர்களுக்குச் சிக்கனத்தைக் காட்டியாக வேண்டிய நிர்ப்பந்தம் வந்தபோது, அதே வில்சனின் சர்க்கார் 1968 ஜூன் 10ஆம் தேதி முதல் மருந்து ஒன்றுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் என்று கட்டணத்தை மீண்டும் கொண்டுவந்தது. குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், ஏழைகள் ஆகியோரோடு சில நாட்பட்ட வியாதிகளை உடையவர்களுக்கும் விலக்குக் கொடுத்தார்கள்.

அந்த வியாதிப் பட்டியலைப் படித்தால் மனம் நோகும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவுக்காரர் அதில் உண்டு, இடைவிடாத மருந்து தேவைப்படும் காக்காய் வலிப்புக்காரர் உண்டு, தைராய்டு சுரப்பு குன்றியவர் உண்டு. ஆஸ்துமாக்காரர் இல்லை. ரத்தக் கொதிப்புக்காரர் இல்லை. மூட்டுவாதம் பிடித்தவர் இல்லை. தைராய்டுக்காக விலக்குப் பெற்றவர் தம் ஜலதோஷ மருந்தையும் இலவசமாக வாங்கலாம். மூச்சு முட்டிச் சாகும் அபாயத்தில் இருக்கும் ஆஸ்துமாக்காரர் ஒவ்வொரு மருந்துக்கும் காசு கொடுக்க வேண்டும். புற்றுநோய் அந்தப் பட்டியலில் ஏறியது 2009இல்தான். ஆஸ்துமா இன்னும் ஏறவில்லை. 1968இல் டாக்டர்களும் அதிகாரிகளும் கூடி அவசரத்தில் செய்துகொண்ட சமரசம், பெரிய மாற்றம் பெறாமல் சாசனமாகிவிட்டது. கட்டணமோ வளர்ந்துகொண்டே போயிற்று. புதிய தசமக் கணக்கில் 1979இல் 20 பென்ஸாக இருந்தது, 1985இல் 2 பவுன், 2000இல் 6 பவுன். இருபது ஆண்டுகளில் முப்பது மடங்கு. சீட்டை நீட்டிவிட்டு, இந்த மூன்றில் எதை விட்டால் அதிகக் கெடுதி இல்லை என்று மருந்துக்கடைக்காரரைத் தாழ்ந்த குரலில் கேட்கும் நோயாளிகள் இங்கிலாந்தில் சாதாரணக் காட்சியானார்கள்.

மருந்து எழுதுவதை எப்பாடு பட்டாவது குறைக்க வேண்டும் என்று மந்திரிகள் நினைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், தென் வேல்ஸில் கிளின்கோரக் என்ற சின்னச் சுரங்கக் கிராமத்தில் ஒரு டாக்டர், தாம் போதிய அளவு மருந்து எழுதவில்லை என்று கண்டுபிடித்தார். ஜூலியன் ட்யூடர் ஹார்ட் என்ற அவர் 1961இல் அந்த ஊருக்குப் போய், சுரங்க வேலை அற்றுப்போய் ஊர் வறுமைப்பட்ட காலத்திலும் அதை விட்டு நகராமல், ஏறக்குறைய முப்பது ஆண்டு அங்கேயே டாக்டராக இருந்தார். 1968 முதல் தம் சர்ஜரியைச் சேர்ந்த வயது வந்தோர் ஒவ்வொருவருடைய ரத்த அழுத்தத்தையும் அளந்தார். தலைவலி என்றோ மயக்கம் என்றோ வந்தவர்களை அளப்பது யாரும் செய்வது. வராதவர்களைத் தேடிப்போய் அளந்ததுதான் அவர் செய்த கைங்கரியம். ஒரு நோக்காடும் தெரியாமல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தவர்களிடையே அபாயகரமான கொதிப்பு மறைந்திருந்ததை அவர் கண்டார். அவர்கள் மருந்து கேட்கவில்லை. அவர் தேடிப்போய் அளந்திராவிட்டால், அவர்கள் பக்கவாதத்தில் விழும்வரை சர்க்காருக்கும் செலவு இருந்திராது. நல்ல வைத்தியம் எவருக்கு அதிகம் தேவையோ அவருக்கே மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்ற தம் முடிவை அவர் 1971இல் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார். இருபத்தைந்து ஆண்டுக் கணக்கை 1991இல் வெளியிட்டபோது, அந்தக் கிராமத்தில் அகால மரணங்கள், அவ்விதம் தேடிப் பாராத பக்கத்துக் கிராமத்தை விடக் குறைந்திருந்தன. அவரைச் சுற்றியிருந்த வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் உள்ளூர் டாக்டர்கள் போக மறுத்த சர்ஜரிகளை ஏற்று நடத்தியவர்களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர்கள் ஏராளம். தமிழர்களும் அவர்களில் உண்டு.

ஆகவே, ஒரு சர்ஜரி நிறைய மருந்து எழுதுகிறது என்றால் அது ஊதாரி என்றோ, குறைய எழுதுகிறது என்றால் அது சிக்கனம் என்றோ எண்ணிவிட முடியாது. எதை எழுதுகிறார்கள், எந்தப் பெயரில் எழுதுகிறார்கள் என்பதில்தான் செலவின் சூட்சுமம் இருக்கிறது. ஒரே சரக்கு, அதைக் கண்டுபிடித்த கம்பெனியின் பெயரில் எழுதினால் ஒரு விலை. மருந்தின் மூலப்பெயரில் எழுதினால் வேறு விலை. கம்பெனி ஏஜெண்டுகள் சர்ஜரிகளில் வந்து காத்திருந்து பதியவைத்துவிட்டுப் போனது, கடினமான மூலப்பெயரை அல்ல. நாவில் எளிதாகப் புரளும் வியாபாரப் பெயரை. புதிய மருந்துகளுக்கு வியாபாரப் பெயரே வேண்டாம் என்று 1967இல் ஸெயின்ஸ்பரி கமிட்டி சொன்னது, சர்க்கார் கேட்கவில்லை. எழுபதுகளின் நடுவில் ஐந்தில் ஒரு மருந்துதான் மூலப்பெயரில் எழுதப்பட்டது.

1985 ஏப்ரல் 1ஆம் தேதி சர்க்கார் ஒரு பட்டியல் போட்டு, ஜீரண மருந்து, பேதி மருந்து, இருமல் மருந்து, டானிக், விட்டமின், வலி நிவாரணி, மன அமைதி மாத்திரை ஆகிய இனங்களில் விலையுயர்ந்த வியாபாரப் பெயர்களைச் சேவையிலிருந்து நீக்கியது. டாக்டர்களின் சங்கம் தங்கள் சுதந்திரம் போயிற்று என்று கொதித்தது. டயசிப்பாம் என்று எழுதலாம், வேலியம் என்று எழுதக் கூடாது என்பதில் பறிபோனது நோயாளியின் நலனா, கம்பெனியின் லாபமா என்று கேட்டுப் பார்த்தால் விடை எளிது. இதைவிட அமைதியாக நடந்து, இதைவிட ஆழமாகப் பலித்தது 1988இல் தொடங்கிய வேறொரு ஏற்பாடு. நாடெங்கும் கொடுக்கப்படும் மருந்துச் சீட்டு ஒவ்வொன்றும் விலையிடுவதற்காக ஓர் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். அந்தச் சீட்டுகளையே ஆதாரமாக வைத்து, ஒவ்வொரு டாக்டரும் மூன்று மாதத்தில் என்னென்ன எழுதினார், அதற்கு என்ன செலவாயிற்று, அக்கம்பக்கத்து டாக்டர்களோடு ஒப்பிட்டால் அவர் நிலை என்ன என்று கணக்கெடுத்து அவருக்கே அனுப்பினார்கள். தண்டனை கிடையாது, அபராதம் கிடையாது. தன் கையெழுத்தின் விலை தனக்கே தெரியவந்தது, அவ்வளவுதான். 1991 முதல் 1999 வரை சில சர்ஜரிகளுக்கு மருந்துப் பணத்தைச் சொந்த வரவு செலவாகவே கொடுத்துப் பார்த்தார்கள். மிதக்கும் ஆறு பென்ஸ் வேறு உருவில் திரும்பி வந்தது அது. நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே மறுபடியும் பணம் உட்கார்ந்ததால் அது நிலைக்கவில்லை, நிலைக்காததும் நல்லதே.

காட்டப்பட்ட கணக்கு மட்டும் நிலைத்தது. இன்று இங்கிலாந்தில் எழுதப்படும் மருந்துகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் மூலப்பெயரில் எழுதப்படுகின்றன. 2012இல் ஓராண்டுக்கு 100 கோடி உருப்படிகளைத் தாண்டிய பிறகும் மருந்துச் செலவு அதே வேகத்தில் ஏறாததற்கு அதுவே முக்கிய காரணம். 2003இல் சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மருந்தின் காப்புரிமை முடிந்து விலை சரிந்தபோது, மூலப்பெயரில் எழுதப் பழகியிருந்த பேனாக்கள் உடனே அந்தப் பலனைப் பெற்றுக்கொண்டன. ஒவ்வொரு சர்ஜரியின் மாதக் கணக்கும் இப்போது பொதுமக்களும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது. 2015 முதல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் அதை எவரும் ஒப்பிட்டுப் படிக்கும்படி அமைத்துத் தந்திருக்கிறார்கள். எழுதுபவர், விழுங்குபவர், கொடுப்பவர் ஆகிய மூவரும் ஒரே ஏட்டைப் பார்க்கும் நிலை, ரோஸின் காலத்திலிருந்து இப்போதுதான் முதன்முறையாக வந்திருக்கிறது. செலவை அடக்கியது நோயாளியின் ஷில்லிங் அல்ல, டாக்டரின் பேனாவுக்கு எதிரே பிடிக்கப்பட்ட இந்தக் கண்ணாடி என்பதே என் துணிபு.

ஷில்லிங்கோ இன்னும் போகவில்லை. ஸ்காட்லாந்து 2011இல் அதை ஒழித்தது. வட அயர்லாந்து 2010இல் ஒழித்தது. இங்கிலாந்தில் மட்டும் 2024 மே முதல் மருந்து ஒன்றுக்கு 9 பவுன் 90 பென்ஸ். விலக்குகள் பெருகிப் பெருகிப் பத்தில் ஒன்பது உருப்படிகள் அங்கேயும் காசில்லாமலே கொடுக்கப்படுகின்றன. எஞ்சிய ஒன்றுக்குக் காசு கொடுப்பவர் விலக்குப் பட்டியலில் சேராத ஆஸ்துமாக்காரராக இருக்கலாம், ஒரு மாதத்து மாத்திரை ஒரு பவுன்கூட விலை பெறாத ரத்தக் கொதிப்புக்காரராகவும் இருக்கலாம். பெவன் பிறந்த டிரெடெகர் வேல்ஸில் இருக்கிறது. அங்கே 2007 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை.